கதிருக்குக் கட்டிய கத்தீட்ரல்: 600 வருஷ மரக் களஞ்சியம் எப்படி நிற்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை எல்லாருக்கும் தெரியும். அதன் வடக்கு ஓடுபாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்று ஒரு கிராமம் இருக்கு. அந்தக் கிராமத்தில் ஒரு மரக் கட்டிடம். நீளம் சுமார் 58 மீட்டர், அதாவது ஏறத்தாழ மூணு மெட்ரோ ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தின நீளம். அகலம் 11 மீட்டருக்கு மேல், உயரம் கிட்டத்தட்ட 12 மீட்டர். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தேவாலயத்துக்குள் வந்துட்டோமோ என்று தோணும். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதுக்கு வைத்த செல்லப்பெயரே "மிடில்செக்ஸின் கத்தீட்ரல்".

ஆனால் இதை சாமிக்காகக் கட்டவில்லை. கோதுமைக் கதிருக்காகக் கட்டினார்கள். கட்டி முடித்த வருஷம் 1427 வாக்கில். இன்னைக்கும் அதே தூண், அதே உத்தரம்தான் பெரும்பாலும் நிற்குது. அதன் மரச்சட்டகத்தைப் பிடிச்சு வைத்திருப்பது இரும்பு இல்லை, மரமே மரத்தைப் பிடிச்சிருக்கு.

எப்படி இது சாத்தியம்? யார் கட்டினார்கள்? இவ்வளவு பெருசா எதுக்கு? இவ்வளவு காலம் தாங்கின கட்டிடம் 2000-களில் ஏன் கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது? இந்த எபிசோடில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

களஞ்சியம்னா நெல் கொட்டி வைக்கிற இடம்தானே?

இங்கேதான் ஒரு சின்னக் குழப்பம். "பார்ன்" என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் "களஞ்சியம்" என்று இருக்கும். அது பாதிதான் சரி. நம்ம ஊரில் அறுவடை முடிஞ்ச கையோட கதிரைக் களத்துக்குக் கொண்டுவந்து அடிச்சு, தூற்றி, தானியமாக்கித்தான் வீட்டுக்குள் எடுத்துட்டுப் போவாங்க. குதிருக்குள்ளும் பத்தாயத்துக்குள்ளும் போவது நெல். கதிர் இல்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே கோதுமை அறுவடை ஆகஸ்ட் வாக்கில். அடுத்து வருவது மழை, குளிர், சீக்கிரமே இருட்டுகிற பொழுது. திறந்தவெளிக் களத்தில் வாரக்கணக்கில் போரடிக்க வானம் விடாது. அதனால் அறுத்த கதிரைக் கட்டுக்கட்டாக அப்படியே ஒரு கூரைக்குக் கீழே அடுக்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் குளிர்காலம் முழுக்க, தேவைக்குத் தேவை கொஞ்சம் கொஞ்சமா அடிப்பார்கள். தானியம் மூட்டைக்கு, வைக்கோல் மாட்டுக்கு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வெறும் தானியம் அடைக்கிற இடத்தைவிட, வைக்கோலோடு கூடிய கதிர்க்கட்டை அடைக்கிற இடம் எத்தனை மடங்கு பெருசா இருக்கணும்? அதனால்தான் இந்தக் கட்டிடங்கள் மலை மாதிரி இருக்கு.

அந்தக் கூரைக்குக் கீழேயே போரடிக்கிற களமும் இருக்கும். எதிரெதிரே கதவு வைத்த ஒரு தளம் அது. நடுவில் கதிரைப் பரப்பி, இரண்டு கோல்களைத் தோல்வாரால் இணைத்த அடிகோலால் அடிப்பார்கள். இரண்டு பக்கக் கதவையும் திறந்தால் காற்று ஊடுருவிப் போகும். அந்தக் காற்றில் தூற்றினால் பதரும் தூசியும் பறந்துபோய் தானியம் மட்டும் கீழே விழும். சுவரும் செங்கல் சுவர் இல்லை, பலகைதான். பலகை இடுக்கு வழியாக உள்ளே காற்று ஓடுவதால் கதிர் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஆக இதை வெறும் கிடங்கு என்று சொல்ல முடியாது. கூரை போட்ட களமும் கிடங்கும் சேர்ந்த ஒரு தொழிற்கூடம். வேறு நல்ல சொல் இல்லாததால் நாமும் களஞ்சியம் என்றே சொல்லிக்குவோம்.

கட்டினது யார்?

ஹார்மண்ட்ஸ்வொர்த் நிலம் முதலில் பிரான்ஸின் ரூவான் நகரத்து மடம் ஒன்றுக்குச் சொந்தம். 1391-இல் வில்லியம் ஆஃப் விக்கம் என்ற பிஷப் அதை வாங்கினார். தான் 1382-இல் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரிக்கு நிரந்தர வருமானம் வேணும் என்பதற்காக. பேர்தான் கல்லூரி, உண்மையில் அது பள்ளிக்கூடம். இன்னைக்கும் நடக்குது. பிரிட்டன் பிரதமராக இருந்த ரிஷி சுனக் படிச்சது அங்கேதான். ஆக, ஒரு பள்ளிக்கூடத்தின் செலவுக்கான கோதுமையைப் பாதுகாக்கக் கட்டினதுதான் இந்தக் கட்டிடம்.

பள்ளிக்கூடங்கள் பழைய கணக்கைத் தூக்கிப் போடாது, இல்லையா? அதனால் நமக்கு இரண்டு பெயர்கள் கிடைச்சிருக்கு. 1424-இல் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிற கிங்ஸ்டன் பக்கம் போய் மரம் பார்த்துட்டு வரச்சொல்லி இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருத்தர் வில்லியம் கிப்பிங். இன்னொருத்தர் ஜான் அட் ஓக். "அட் ஓக்" என்றால் ஓக் மரத்துப் பக்கத்தில் குடியிருக்கிறவர் என்று அர்த்தம். ஓக் மரத்தடி ஜானையே ஓக் மரம் தேட அனுப்பியிருக்காங்க!

காய்ந்த மரம் இல்லை, பச்சை மரம்

நம்ம வீட்டில் கதவு செய்யணும்னா ஆசாரி என்ன கேட்பார்? "மரம் நல்லா காய்ஞ்சிருக்கா?" காயாத மரத்தில் கதவு செய்தால் கோணிக்கும். சரியான கேள்விதான்.

ஆனால் இந்தக் களஞ்சியத் தச்சர்கள் நேரெதிராகச் செய்தார்கள். வெட்டின ஓக்கை, ஈரம் இருக்கும்போதே, பச்சையாகவே செதுக்கினார்கள். காரணம் எளிது. ஓக் மரம் பச்சையாக இருக்கும்போது கோடரிக்கும் வாய்ச்சிக்கும் உளிக்கும் இணங்கும். காய்ந்து வைரம் பாய்ந்த பிறகு இரும்பு மாதிரி இறுகிடும். அதுவும் பெரிய உத்தரம் ஒன்று நடுப்பகுதி வரைக்கும் முழுசா காயப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாரும் காத்திருக்க முடியாது.

சரி, காயும்போது சுருங்குமே, கட்டிடம் ஆட்டம் கண்டுவிடாதா? இங்கேதான் விஷயமே இருக்கு. மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் கட்டிடத்தின் உயரமும் நீளமும் மாறாது. மாறுவது ஒவ்வொரு மரத்தின் பருமன் மட்டும்தான். அது சுருங்கும்போதும் மூட்டு கழன்று போகாத மாதிரி இணைப்புகளை வடிவமைத்தார்கள். பழைய களஞ்சியத் தூண்களில் நீளமா வெடிப்பு தெரியும், உத்தரம் லேசா முறுக்கியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சை மரம் காய்ந்த தடம் அது. பெரும்பாலும் பலவீனம் இல்லை.

நாக்கு, துளை, முளை

இப்போ மூட்டு. அடிப்படை உத்தி ரொம்பப் பழசு. ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரி மெல்லிசா செதுக்குவார்கள். இன்னொரு மரத்தில் அந்த நாக்கு நுழையற அளவுக்குத் துளை போடுவார்கள். நாக்கைத் துளைக்குள் நுழைத்து, பக்கவாட்டில் இன்னொரு சின்ன உருண்டைத் துளை போட்டு, ஒரு மர முளையை அடித்து இறக்கினால் மூட்டு பூட்டிக்கும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கு. முளை போகிற துளைகள் நேருக்கு நேர் இருக்காது. நாக்கில் இருக்கிற துளையை வேணும்னே சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். இப்போ முளையை அடித்து இறக்கும்போது என்ன ஆகும்? முளை நேராகப் போக முடியாமல் லேசா வளைந்து நாக்கை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு அடிக்கும் மூட்டு இறுகிக்கிட்டே வரும். போல்ட்டு, நட்டு என்று எதுவும் இல்லாமலே அழுத்தத்தோடு பூட்டின மூட்டு.

முளைக்கு மட்டும் பச்சை மரம் ஆகாது. நல்லா காய்ந்த ஓக்கின் வைரப் பகுதியை, அறுக்காமல், நார் போகிற வழியிலேயே பிளந்து எடுப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், முளை முறியும். பிளந்தால் நார் முழுநீளத்துக்கும் ஓடும், வளைஞ்சாலும் முறியாது.

இரும்பு ஆணி ஏன் வேண்டாம்? ஓக் மரத்தில் டானின் அதிகம். தோல் பதனிடுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே துவர்ப்புப் பொருள். ஈரமான ஓக்கில் இரும்பை அடித்தால் டானினோடு சேர்ந்து கருநீலக் கறை பிடிக்கும், ஆணியும் சீக்கிரமே துருப்பிடித்துத் தின்றுபோகும். தவிர, அந்தக் காலத்தில் இரும்பு ரொம்ப விலை. சுவர்ப்பலகையை அடிக்க ஆணி உண்டு. ஆனால் கட்டிடத்தின் எலும்புக்கூட்டுக்கு மரம்தான்.

கீறி வைத்த எண்கள்

கோடரியால் செதுக்கின உத்தரம் எதுவும் தொழிற்சாலைச் சரக்கு மாதிரி ஒரே அளவில் இருக்காது. ஒன்று லேசா வளைஞ்சிருக்கும், ஒன்று ஒரு பக்கம் பருத்திருக்கும். அதனால் தச்சர்கள் ஒரு முற்றத்தில் மரங்களைத் தரையில் கிடத்தி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, கோடு கிழித்து, அந்தந்த மூட்டை அந்தந்த மரத்துக்கே பொருத்தி வெட்டுவார்கள். பூட்டும் சாவியும் மாதிரி. இந்த நாக்கு இந்தத் துளைக்கு மட்டும்தான் சேரும்.

பொருத்திப் பார்த்ததும் எல்லாத்தையும் பிரித்துவிடுவார்கள். வண்டியில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடி கோத்து நிறுத்துவார்கள். எது எதோட சேரும் என்று தெரிய வேண்டாமா? அதுக்குத்தான் எண்கள். உளியால் ரோமன் எண்களை மாதிரி கோடுகளை மூட்டின் இரண்டு பக்கமும் கீறி வைப்பார்கள். வளைவான எண்ணை மரத்தில் கீறுவது கஷ்டம், நேர்கோடு சுலபம். நாலைப் பெரும்பாலும் நாலு கோடாகவே போடுவார்கள். மரம் தலைகீழாகக் கிடந்தாலும் குழப்பம் வரக்கூடாது, பாருங்க.

இன்னைக்குப் பெட்டியில் வாங்கி வீட்டில் கோத்துக்கொள்கிற அலமாரி இருக்கே, அதில் "அ பகுதியை ஆ பகுதியோடு இணைக்கவும்" என்று வரும் இல்லையா? அதே யோசனைதான்.

தலைகீழாக நிற்கும் மரங்கள்

கட்டிடத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது யார்? முதலாளியும் இல்லை, தச்சரும் இல்லை. மரம்தான். ஒரே துண்டாக எவ்வளவு நீள உத்தரம் கிடைக்குதோ, அவ்வளவுதான் இரண்டு தூணுக்கு நடுவில் அகலம் வைக்க முடியும். அதைவிட அகலம் வேணும்னா? நடுவில் இரண்டு வரிசைத் தூண் நிறுத்தி உயரமான கூடம் ஒன்று எழுப்பி, அந்தக் கூரையையே இரண்டு பக்கமும் சரிவாக இறக்கித் தாழ்வாரம் மாதிரி நீட்டிவிடலாம். நடுக்கூடமும் இரண்டு பக்கத் தாழ்வாரமும். பெரிய தேவாலயங்களின் அமைப்பும் இதுதான். கத்தீட்ரல் என்ற செல்லப்பெயர் சும்மா வந்ததில்லை.

நீளவாக்கில் அப்படிச் சிக்கல் இல்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை நம்ம ஊர் பழைய வழக்கில் அங்கணம் என்பார்கள். எத்தனை அங்கணம் வேணுமோ சேர்த்துக்கிட்டே போகலாம். ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 12 அங்கணம்.

தூணைக் கொஞ்சம் கவனிங்க. இந்த வகைக் கட்டிடங்களில் தூண் கீழே ஒல்லியாகவும் மேலே பருத்தும் இருக்கும். மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருப்பார்கள், அடிமரம் மேலே, நுனி கீழே. எதுக்கு? தூணின் உச்சியில்தான் கூட்டம் அதிகம். நீளவாக்கில் ஓடுகிற உத்தரம், குறுக்கே போகிற உத்தரம், தூண் என மூணும் ஒரே இடத்தில் சந்திக்கணும். ஒவ்வொன்றுக்கும் நாக்கு, துளை வேணும். அத்தனை வெட்டையும் தாங்கப் பருமன் வேணும். மரத்தில் இயற்கையாகவே பருமனான இடம் அடிப்பகுதி. அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

குறுக்கு உத்தரத்தின் வேலை இழுத்துப் பிடிப்பது. கூரை ஓட்டின் பாரம் கைமரங்களை வெளிப்பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். விட்டால் சுவர் இரண்டு பக்கமும் சாயும். குறுக்கு உத்தரம் இரண்டு பக்கத்தையும் கைகோத்து நிறுத்துது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் சாய்வாக வைத்திருக்கிற கட்டைகள் முக்கோணத்தை உண்டாக்கும். நாலு குச்சியைக் கட்டிச் சதுரம் பண்ணித் தள்ளிப் பாருங்க, கோணிக்கும். மூணு குச்சி முக்கோணம் அசையாது. காற்றுக்கு எதிரான காவல் அதுதான்.

கடைசியா, பாதம். இதுக்கு முந்தின காலத்தில் தூணை மண்ணில் புதைத்தே நிறுத்துவார்கள். மண்ணின் ஈரத்தில் அடிப்பகுதி சில பத்து வருஷத்தில் அழுகிவிடும். தூணைத் தரையிலிருந்து தூக்கிக் கல்லின்மேல் நிறுத்தியது பெரிய திருப்பம். ஆனால் புதைக்காத தூண் தானாக நிற்காதே? ஆமாம். அதனால்தான் மேலே அவ்வளவு சிக்கலான மூட்டு தேவைப்பட்டது. மண் செய்த வேலையை மூட்டு செய்யணும். ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் தூண்கள் ரைகேட் கல்லின்மேல் நிற்குது. 600 வருஷ ஆயுளுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வயசை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். மழை நல்லா பெய்த வருஷம் அகலமான வளையம், வறண்ட வருஷம் ஒடுங்கின வளையம். ஒரு வட்டாரத்து மரங்களில் எல்லாம் இந்த அகல-ஒடுக்க வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகும், பார்கோடு மாதிரி. தேதி தெரிந்த பார்கோடோடு ஒப்பிட்டால் மரத்தின் வருஷம் தெரியும். பட்டையை ஒட்டின கடைசி வளையம் இருந்தால் வெட்டின வருஷமே கிடைச்சிடும். பச்சை மரத்தில் கட்டினதால், வெட்டின வருஷமும் கட்டின வருஷமும் பக்கத்து பக்கத்தில். ஹார்மண்ட்ஸ்வொர்த் மரங்கள் வெட்டப்பட்டது 1424 முதல் 1426 வரை. பள்ளிக்கூடக் கணக்கும் மரத்தின் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தது.

இதைவிடப் பழசும் உண்டு. எசெக்ஸ் மாவட்டத்தில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடம். 1137-இல் ராணி மட்டில்டா டெம்ப்ளர் என்ற போர்வீரத் துறவிகளுக்குக் கொடுத்த நிலம். அங்கே இரண்டு பெரிய களஞ்சியங்கள் நிற்குது. பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும். இரண்டுமே 13-ஆம் நூற்றாண்டு. இவற்றை ஆராய்ந்தவர் செசில் ஹூவெட். மூட்டு வெட்டுகிற முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கு, அதனால் மூட்டைப் பார்த்தே வயசு சொல்லலாம் என்றார். பழைய கட்டிடத்தில் ஒரு மரத்தின்மேல் இன்னொன்றைப் படியவைத்து வெட்டின மூட்டுகள் அதிகம். அப்புறம் நாக்கும் துளையும் எங்கும் பரவுது. பின்னால் வந்த ஆண்டுவளையச் சோதனைகள் அவருடைய சில தேதிகளைத் திருத்தின. ஆனால் மூட்டே ஒரு ஆவணம் என்ற அவருடைய பார்வை நிலைத்துவிட்டது.

கப்பல் மரக் கதை

இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு பழைய களஞ்சியத்துக்குப் போனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "இது உடைந்த கப்பல் மரத்தில் கட்டினது." கேட்க ஆசையா இருக்கும். உத்தரம் வளைஞ்சிருக்கு, காலியான துளைகள் இருக்கு, கூரையைப் பார்த்தால் கவிழ்த்த கப்பல் மாதிரி இருக்கு. வேற என்ன சாட்சி வேணும்?

இதில் பிரபலமானது பக்கிங்ஹாம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்ற ஊரில் இருக்கிற களஞ்சியம். 1620-இல் அமெரிக்காவுக்குப் போன மேஃபிளவர் கப்பலை உடைத்த மரத்தில்தான் அதைக் கட்டினார்கள் என்று ரெண்டல் ஹாரிஸ் என்ற அறிஞர் 1920 வாக்கில் எழுதினார். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, வரலாற்றாளர்கள் பலரும் ஏற்கவில்லை.

பொதுவாகவே இந்தக் கதை ஏன் நிற்காது? பெரும்பாலான களஞ்சிய மரம் பச்சையாக இருக்கும்போது செதுக்கப்பட்டது. காய்ந்த வெடிப்பு மூட்டுக்கு அப்புறம் வந்திருப்பதே அதுக்குச் சாட்சி. கப்பலில் வருஷக்கணக்கில் இருந்த மரம் பச்சையாக இருக்க முடியாது. வளைவு? மரம் வளைந்து வளர்ந்தது. காலித் துளை? வேறொரு கட்டிடத்து மரத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் இருந்த கட்டை பின்னால் கழற்றப்பட்டிருக்கலாம். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிற கிராமத்துக்குக் கப்பல் மரத்தை இழுத்து வருவதைவிடப் பக்கத்துக் காட்டில் வெட்டுவது மலிவு.

குளிர்காலக் கூலி போன கதை

இதுவரைக்கும் தச்சரைப் பற்றியே பேசினோம். உள்ளே வேலை செய்தவர்களைப் பற்றியும் பேசணும்.

வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் விவசாயக் கூலிக்குச் சோறு போட்டது இந்தக் களஞ்சியத் தளம்தான். மாதக்கணக்கில் அடிகோலைப் பிடிச்சு அடிக்கணும். தூசியில் இருமலோடு செய்கிற கடுமையான வேலை. ஆனால் அடுப்பு எரிந்தது அதனால்தான். 1786 வாக்கில் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மீக்கிள் ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். மெல்ல மெல்ல அது தெற்கு இங்கிலாந்துக்கும் வந்தது. மாதக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிஞ்சுபோச்சு.

1830-இல் கென்ட் பகுதியில் கூலிகள் ராத்திரியில் அந்த இயந்திரங்களை உடைக்க ஆரம்பித்தார்கள். கலவரம் தென்கிழக்கு முழுக்கப் பரவியது. "கேப்டன் ஸ்விங்" என்று இல்லாத ஒருவரின் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போனதால் அதை ஸ்விங் கலவரம் என்பார்கள். முடிவில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நாடு கடத்தினார்கள். ஆட்டோமேஷன் வேலையைப் பறிக்குமா என்று இன்னைக்கு நாம ஏசி அறையில் பேசறோம். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களில் இந்தக் களஞ்சியத் தளத்துக் கூலிகளும் உண்டு.

இயந்திரம் வந்ததும் கூலியோடு சேர்ந்து களஞ்சியமும் வேலையிழந்தது. வயலிலேயே கதிரடித்து முடித்துவிட்டால் கதிரை அடுக்க எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? பல களஞ்சியங்கள் இடிந்தன, எரிந்தன. பல இன்னைக்குப் பணக்காரர்களின் வீடாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறிவிட்டன. மாற்றினால் கட்டிடம் பிழைக்கும். ஆனால் மாடி போட்டு, அறை தடுத்து, ஜன்னல் வெட்டினால் அந்த ஒரே நீளமான வெளி போய்விடும்.

ஒரு பவுண்டுக்கு ஒரு கத்தீட்ரல்

ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் 1970-கள் வரைக்கும் விவசாயத்துக்குப் பயன்பட்டது. அப்புறம் கை மாறி, 2006-இல் ஒரு சொத்து நிறுவனம் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. ஒரு காபி விலைகூட இல்லை. ஏன் வாங்கணும்? விமான நிலையம் விரிவடைந்தால் நஷ்டஈடு வரும் என்ற எதிர்பார்ப்பில்தான் என்று உள்ளூரில் பேசிக்கிட்டாங்க. வாங்கினவர்கள் பராமரிக்கவில்லை. ஓடு சரிந்து மழை உள்ளே இறங்கியது. 600 வருஷம் நின்ற மரத்துக்கு உண்மையான எதிரி காலம் இல்லைங்க, மாற்றாமல் விட்ட பத்து ஓடு. ஒழுகற இடத்தில் பூஞ்சை வரும், பூஞ்சை வந்த ஓக்கில் வண்டு வரும்.

2009-இல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு சட்ட அறிவிப்பு கொடுத்து அவசரப் பழுதுபார்ப்பைச் செய்தது. 2011-இல் 20,000 பவுண்டு கொடுத்துக் கட்டிடத்தையே வாங்கிவிட்டது. கூரையைச் செப்பனிட்டார்கள். இன்னைக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகவே போய்ப் பார்க்கலாம். உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் கதவைத் திறந்து சுற்றிக்காட்டுகிறார்கள்.

பிரச்சினை முடிஞ்சிடவில்லை. ஹீத்ரோ என்பதே ஒரு காலத்தில் கிராமத்தின் பெயர்தான். 1944-இல் போர்க்காலச் சட்டத்தின் கீழ் நிலத்தை எடுத்து, பண்ணைகளையும் வீடுகளையும் இடித்துத்தான் விமானத்தளம் கட்டினார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. இப்போ மூன்றாவது ஓடுபாதை. 2018-இல் நாடாளுமன்றம் ஒத்துக்கிச்சு, 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. 2025 ஜனவரியில் அரசு மறுபடி ஆதரவு தெரிவித்தது. அதிகம் பேசப்பட்ட வடமேற்கு ஓடுபாதைத் திட்டம் களஞ்சியத்தை இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஊரின் பல வீடுகள் போகும், வேலி கட்டிடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். ஊர் போன பிறகு களஞ்சியம் மட்டும் நின்றால் அதைத் திறந்துவைக்க யார் இருப்பார்கள்? நியாயமான கேள்வி அது. விமான நிலையத்தில் வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

பழசைப் படிச்சு என்ன பிரயோஜனம்?

2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ரு-டாம் கத்தீட்ரல் எரிந்ததை நேரலையில் பார்த்திருப்பீங்க. எரிந்தது பெரும்பாலும் கூரையின் உள்ளே இருந்த இடைக்கால ஓக் சட்டகம். மறுபடி எதால் கட்டுவது? இரும்பா, கான்கிரீட்டா, கண்ணாடியா என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் பழைய முறையே ஜெயித்தது. பிரான்ஸ் முழுவதிலுமிருந்து சுமார் 2,000 ஓக் மரங்கள் வந்தன. கூரையின் பெரும்பகுதி மரங்களைப் பச்சையாகவே, இதுக்கென்று அடித்த கோடரிகளால் தச்சர்கள் கையால் செதுக்கினார்கள். அதே நாக்கு, அதே துளை, அதே முளை. 2024 டிசம்பரில் கத்தீட்ரல் திறந்தது.

அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைத்ததே, அது எப்படி? பழைய கூரைகளையும் களஞ்சியங்களையும் பழுது பார்த்துக்கிட்டே இருந்த தச்சர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். ஒரு உத்தரத்தின் அழுகின பகுதியை மட்டும் வெட்டி, புது ஓக்கை அதே மூட்டில் ஒட்டவைக்கணும்னா, முந்தினவர் எப்படி யோசித்தார் என்று தெரிஞ்சே ஆகணும். புத்தகத்தில் படிச்சா மட்டும் கை பழகாது. நிற்கிற கட்டிடம்தான் பள்ளிக்கூடம்.

அதனால் எங்காவது ஒரு பழைய மரக் கட்டிடத்துக்குள் போக வாய்த்தால், அது இங்கிலாந்தாகவே இருக்கணும்னு இல்லை, அவசரமா போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. தூண் எதன்மேல் நிற்குது என்று கீழே பாருங்க. மூட்டில் முளையின் தலை தெரியுதா என்று பாருங்க. பக்கத்தில் கீறின கோடு இருக்கா என்று விரலால் தடவிப் பாருங்க. இருந்தால், இன்னொரு முனையில் அதே எண் எங்கே இருக்கு என்று தேடுங்க. ஒரு தச்சர் தன் கூட வேலை செய்தவருக்கு விட்டுப்போன குறிப்பு அது.